சேங்கொட்டைக் கோடு

என் பேத்தியின் வலது கை என் தவறால் கெட்டது. இடது கை என் பொய்யால் கெட்டது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, "நேரம் சரியில்லை" என்று வருபவர்களிடம் சொல்லிக்கொண்டு சில வாரங்களை ஓட்டினேன். இப்போது பிரித்தே எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றதும் ஏற்காட்டில், ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் மேலே, மனைவியின் வழியில் வந்த வீட்டில் குடியேறினேன். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. வாழவந்தியிலிருந்து ஓர் அம்மாள் காலை பஸ்ஸில் வந்து சமைத்து வைத்துவிட்டு, மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பிப் போவார். இருபது வருடம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்.

போன டிசம்பர் தொடக்கத்தில் மகள் வயிற்றுப் பேத்தி வந்து சேர்ந்தாள். டிசைன் படிக்கிறாள், மூன்றாம் வருடம். கல்லூரியில் ஒரு பெரிய வேலை கொடுத்திருந்தார்கள். அதை இங்கே உட்கார்ந்து செய்யப் போவதாகச் சொன்னாள். இரண்டு பைகள் கொண்டுவந்தாள். ஒன்றில்தான் உடுப்பு. மற்றதில் கோணித் துண்டு, உப்புத்தாள், பட்டுப்பூச்சிக் கூடு, கிழிந்த பஸ் சீட்டின் ரெக்சின், பாதி எரிந்த மெழுகுவர்த்தி.

"இதெல்லாம் எதுக்கு சாமி?" என்றேன்.

"தொட்டுப் பாக்கறதுக்கு."

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். சர்ச்சில் பூசை நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு, ஆசாரி இழைக்காமல் விட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருப்பாள். புடவைக் கடைக்குக் கூட்டிப் போனால் ஒவ்வொன்றின் உள்பக்கத்தையும் விரலால் நிமிண்டிப் பார்ப்பாள். "பாப்பா வாங்க வந்துதுங்களா, வருடிக் குடுக்க வந்துதுங்களா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டு அவள் அம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. படங்களைப் பார்த்தால் தனக்கு எதுவும் தோன்றாது என்பாள். ஒரு சுவரைத் தொட்டால், ஒரு பலாப்பழத்தைத் தொட்டால், அப்போதுதான் மனதுக்குள் ஏதோ நகரும். "ஏரிக்கு வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க தாத்தா. குனிஞ்சு தண்ணியத் தொட்டுப் பாத்தவங்க ஒருத்தரும் இல்ல. நான் எண்ணிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவள் செய்ய நினைத்தது ஐந்து கஜத் துணி ஒன்று. ஒண்டிக்கடையில் தொடங்கி சேர்வராயன் குகைக் கோயில் வரைக்கும் நடந்து போகிற வழி அதில் இருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. ஒரு திரைக்குப் பின்னால் துணியை விரித்து வைப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் திரைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். கடைத்தெருவுக்கு ரெக்சினும் கோணியும். காப்பித் தோட்டத்துக்கு உலர்ந்த காப்பித் தோல். சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கத்து மினுமினுப்புக்கு என்ன வைப்பது என்று நான்கு நாள் தேடினாள். கோயில் குகைக்குள் குனிந்து நுழையும்போது கழுத்தில் வந்து படுகிற குளிர்ச்சியை விரலுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அந்தப் படிப்பின்மேல் மரியாதை இருக்கவில்லை. ஆனால் அவள் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க, அதில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. இங்கேதான் என் கேவலமான பகுதி தொடங்குகிறது.

அவள் எங்களை வைத்து ஒரு சோதனை செய்வாள். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஒன்றை வைப்பாள். என்னவென்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்துக்கு மூன்றுகூடத் தேறாது. சமைக்கிற அம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணை மூடி, "இது கொடி மொளவுத் தண்டு கண்ணு, இளசு. இது ஆரஞ்சுத் தோலு, நேத்து உரிச்சது" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

"எப்புடிக்கா?" என்று பேத்தி குதிப்பாள்.

"மஞ்சு எறங்குனா எஸ்டேட்டுல எதுத்தாப்பல நிக்கற ஆளே தெரியாதுங்க. பழமா காயான்னு வெரலுதான் சொல்லோணும். ஐயாவுது புஸ்தகந் தடவுன கையி. அதுக்கு என்னத்தத் தெரியும், பாவம்."

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சுட்டது. எந்தச் செடியைப் பற்றிக் கேட்பதாக இருந்தாலும் பேத்தி அடுப்படிக்குத்தான் போனாள். நான் முன்னறையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை வாழவந்திப் பாதையிலிருந்து ஒரு பை நிறையக் கறுப்புக் கொட்டைகள் பொறுக்கி வந்தாள். சேங்கொட்டை. முந்திரி போல ஒரு பழத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டு காய்ப்பது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் துணியில் பட்டால் சாகும்வரை போகாது. அந்தக் காலத்தில் வெளுப்பதற்கு வரும் துணிகளில் அதைக் கொண்டுதான் குறி போடுவார்கள். அவள் துணியின் நீளத்துக்கும் ஒரு பாதை வேண்டியிருந்தது. விரல் வழி தவறாமல் பிடித்துக்கொண்டு போக, மேடாக ஒரு கோடு. இந்தச் சாற்றில் சுண்ணாம்பு குழைத்துப் போட்டால் கோடு தடித்து நிற்கும் என்று எங்கோ படித்திருந்தாள்.

பையைப் பார்த்த அம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஐயோ கண்ணு, அதைக் கீழ போடுங்க! அது கோவக்கார மரமுங்க. நாங்க அடியில கூட நிக்க மாட்டோம். மேலு வெந்து போயிரும்."

பேத்தி பயந்து என்னைப் பார்த்தாள். "தாத்தா, தொடலாங்களா?"

எத்தனையோ நாளாக அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நான் ஒரு வித்தை காட்டுவேன். சேங்கொட்டையை உடைத்துச் சாற்றை என் மணிக்கட்டில் தேய்ப்பேன். "மரம் கோபித்துக்கொள்ளுமா? பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை. பயம்தான் நோய்" என்பேன். மாணவர்கள் கைதட்டுவார்கள். எனக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆனதில்லை. சிலர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்கிறது. பலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு வருடம் என்னைப் பார்த்துத் தானும் தேய்த்துக்கொண்ட பையன் ஒருவன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. வந்தபோது கையில் தழும்பு இருந்தது. என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வித்தையை நிறுத்த வேண்டியிருக்கும்.

அதெல்லாம் தெரிந்தும் பேத்தியிடம் சொன்னேன்: "தாராளமாத் தொடு. ஊர்ல கட்டி வெச்ச கதை. தாத்தா முப்பது வருஷம் தொட்டிருக்கேன்."

"ஏனுங்கய்யா, புள்ளைக்குப் போயி..." என்று அம்மாள் தொடங்கினார்.

"இனிமே அவளைப் பயமுறுத்துனா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் அந்தக் கோட்டைப் போட்டாள். முதலில் பிரஷ்ஷால் போட்டாள். கனம் ஒரே சீராக வரவில்லை என்று பிறகு வலது கை விரல்களாலேயே குழைத்துத் தேய்த்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொட்டைகளை உடைத்துக் கொடுத்தேன். அந்த மரத்தின் குடும்பம், பேரினம் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வியாழன் காலை இட்லியைப் பிய்க்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். கறை படிந்த இடங்களைச் சுற்றித் தோல் சிவந்து பளபளத்தது. அவள் முழங்கையை மேசை விளிம்பில் சொறிந்துகொண்டிருந்தாள். என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டினி வேண்டுமா என்று கேட்டேன்.

மத்தியானத்துக்குள் விரல்கள் வீங்கிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பின. சாயங்காலம் கட்டை விரலைத் தவிர மற்ற நான்கும் மடங்கவில்லை. கண்ணிமை ஒன்று தடித்துவிட்டது. கையால் தொட்டிருப்பாள். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். சமவெளியிலிருந்து புதிதாக வந்திருந்த சின்ன வயது டாக்டர்.

"எதையாவது தொட்டீங்களாம்மா?"

"ஒரு கொட்டையோட சாறு..." என்று அவள் சொல்ல வாயெடுத்தாள்.

நான் முந்திக்கொண்டேன். "அது ஒண்ணும் செய்யாது டாக்டர். நான் பாட்டனி புரொபசர். காலையில முருங்கை மரத்துக்கிட்ட நின்னா. கம்பளிப்பூச்சி."

சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு வரவில்லை. வாய் தானாகச் சொன்னது. டாக்டர் ஒரு கணம் அந்தக் கறுப்புக் கறையைப் பார்த்தார்.

"அது சாயம்" என்றேன்.

"சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுதிக் கொடுத்தார். ஊசி போட்டு, மருந்து தடவி, வலது கைக்குக் கட்டுப் போட்டார்கள். ஆட்டோவில் திரும்பும்போது பேத்தி என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நல்ல வேளை தாத்தா. கொட்டையா இருந்தா துணியையே தூக்கிப் போட்டிருக்கணும்."

மறுநாள் அம்மாள் வந்து கட்டைப் பார்த்தார். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். என்னை வெளியே வரச் சொல்லிக் கிணற்றடியில் நின்று பேசினார்.

"ஐயா, எங்கூருப் பாதையில தான்றி மரம் ஒண்ணு நிக்குது. சேங்கொட்டைக்காரன் கோவிச்சுக்கிட்டா, அது தணிய அந்த மரத்தச் சுத்தி வந்து சொல்லுவோமுங்க. எது பட்டுது, யாரு குடுத்ததுன்னு வாய் விட்டுச் சொல்லோணும். கம்பளிப்பூச்சின்னா அங்க போவ வேண்டியதில்ல. இப்ப எதுங்கய்யா? நீங்க சொன்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

அவருக்குத் தெரியும். அவர் எனக்கு ஒரு வழி விட்டார். மரம், கோபம் என்று அவர் சொன்னதற்கு நான் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்லாமல் உண்மையும் வெளியே வந்திருக்கும்.

"கம்பளிப்பூச்சிதான்" என்றேன்.

"சரிங்க" என்றார். பிறகு பேத்தியின் அருகில் அவர் அதிகம் போகவில்லை. கதவருகே நின்று "வலி எப்புடிங்க கண்ணு இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். வேலை போய்விடும் என்ற பயத்தை அவருக்குள் வைத்தது நான்தான்.

சனிக்கிழமை நடந்ததைத்தான் எழுத முடியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். கல்லூரிக்கு வேலையை ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. கோட்டின் கடைசி ஒரு முழம், கோயில் குகைக்குள் போகிற இடம், பாக்கி. வலது கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "இடது கையால போட்டுடறேன் தாத்தா. அது நடுங்கும். குகைக்குள்ள இருட்டுல தட்டுத் தடுமாறித்தானே போவோம், அதுவும் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் வியாழக்கிழமைப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். புரொபசர் என்று சொல்லி டாக்டர் வாயை அடைத்ததும் வரும். "கொஞ்சம் ஓய்வெடுன்னு சொல்றேன்" என்றேன். கையுறை வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "கையுறை போட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தாத்தா" என்று சிரித்தாள். சரிதான், அவளுக்கு விரல்தான் கண். அப்படியும் கடைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கி வரவாவது எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. கோட்டின் ஓரத்தில் துண்டுகளைத் தைக்க அவளால் ஊசி கோக்க முடியவில்லை என்று நான் நூல் கோத்துக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். ஒவ்வொரு முறை அவள் விரல் அந்தக் கறுப்புக் குழம்பில் இறங்கும்போதும் நான் ஊசியின் காதைப் பார்த்துக்கொண்டேன். இந்த முறை ஒன்றும் ஆகாது, இடது கை வேறு, சாறு பழசாகிவிட்டது என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பொய்யை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்று ஞாயிறு பூசையில் நற்கருணைக்கு எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன்.

முன்னமே வெந்த உடம்பில் மறுபடி பட்டால் நாள் கணக்கு ஆகாது. ஞாயிறு சாயங்காலமே இடது கை போய்விட்டது. வலது கையைவிட மோசம். கொப்புளங்கள் உடைந்து நீர் வழிய, நானே துணி சுற்றிக் கட்டினேன். பாலைக்கூட நான்தான் புகட்ட வேண்டியிருந்தது. "தாத்தா, கை மரத்துப் போன மாதிரி இருக்கு. வலி போனதும் திரும்ப வந்துரும்ல?" என்று கேட்டாள். வந்துரும் என்றேன். அந்தக் குரலில்தான் தாராளமாகத் தொடு என்றும் சொல்லியிருந்தேன்.

போனில் சேதி கேட்டு, திங்களன்று சேலத்திலிருந்து மகள் கார் எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையைப் பார்த்து அழவில்லை. சேலத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று துணிமணிகளை அடைக்கத் தொடங்கினாள். கட்டிலில் அந்த ஐந்து கஜம் விரித்துக் கிடந்தது.

"இதையும் எடுத்துட்டுப் போயி நானே காலேஜ்ல குடுத்துடறேன் கண்ணு. நீ பட்ட பாடு வீணாப் போவக்கூடாது. நாலு பேரு தொட்டுப் பாக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே மடிப்பதற்காகக் குனிந்தாள்.

நாலு பேர். திரைக்குப் பின்னால் வரிசையாகக் கைகள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவது என் கண் முன்னால் வந்தது. அதற்கு முன் என் மகளின் கை.

"தொடாதே!" என்று கத்தினேன்.

மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஏனுங்கப்பா?"

"அதுல விஷம் இருக்கு. கம்பளிப்பூச்சி இல்ல. சேங்கொட்டை. நான்தான் தொடச் சொன்னேன். டாக்டர்கிட்ட மறைச்சதும் நான்தான்."

அடுப்படியில் தண்ணீர்க் குழாயை அம்மாள் மூடும் சத்தம் கேட்டது. பேத்தி நாற்காலியில், இரண்டு கட்டுப் போட்ட கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை. இட்லி சாப்பிடும்போது."

அவள் கணக்குப் போட்டாள். முகத்தில் அது தெரிந்தது. "சனிக்கிழமை நீங்க எனக்கு நூல் கோத்துக் குடுத்தீங்களே தாத்தா."

நான் தலையை ஆட்டினேன்.

மகள் துணியை விட்டு விலகினாள். அடுப்படிக்குப் போய் அந்த அம்மாளிடம் சோப்பு வாங்கிக் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். இத்தனைக்கும் அவள் துணியைத் தொடவில்லை. பிள்ளையை அணைத்துக் காரில் ஏற்றினாள். "கதவச் சாத்திக்கங்க, மஞ்சு வருது" என்றாள். யாரோ வழியில் பார்த்த மனிதரிடம் சொல்வதுபோல.

துணியை எரித்துவிடலாம் என்று மண்ணெண்ணெய் எடுத்தேன். "அய்யோ, எரிக்காதீங்க, பொகை பட்டவங்களுக்கெல்லாம் வந்துரும்" என்று அம்மாள் தடுத்தார். தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தேன். சாக்கைக் கையில் சுற்றிக்கொள்ளச் சொன்னார். நான் சுற்றவில்லை. வெறுங்கையால் அள்ளினேன். மிச்சமிருந்த கொட்டைகளில் இரண்டை உடைத்துப் பத்து விரலிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். ஒன்றும் வரவில்லை. கறை மட்டும் இருந்தது. அதுவும் தோல் மாறி ஜனவரியில் போய்விட்டது.

அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்டக் கேட்டு என்னங்கய்யா ஆவப் போவுது, நானும் வாய மூடிட்டுத்தானே இருந்தேன்" என்றார். இப்போதும் வருகிறார். பேச்சு குறைந்துவிட்டது. தான்றி மரத்தடிக்குப் போய், எது பட்டது, யார் கொடுத்தது என்று அவரே என் பெயரைச் சொல்லிச் சுற்றி வந்ததாகப் பிறகு தெரிந்தது.

சேலத்து டாக்டர் உண்மை தெரிந்த பிறகு வேறு மருந்துகள் கொடுத்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. சீழ் வைத்த இடங்கள் ஆறின. நுனி விரல்களில் புண் ஆழமாகப் போயிருந்ததால் புதுத் தோல் தடிப்பாக வந்திருக்கிறது. தொடு உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றாராம். இதை மகள் போனில் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கல்லூரியில் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் பேத்தி வந்தாள். விட்டுப்போன பையை எடுத்துப் போக. மகள் காரிலேயே இருந்தாள். நான் பையைத் தொடவில்லை. அது இருந்த அலமாரியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பட்டுப்பூச்சிக் கூட்டை விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். பிறகு புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள். உப்புத்தாளையும் அப்படியே. கடைசியில் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தெரியுதா சாமி?" என்று கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு கட்டை வெரல்லயும் தெரியுது. வலது சுண்டு வெரல்ல கொஞ்சம். மத்ததுல..." என்று நிறுத்தி, இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். வெகுநேரம் தடவினாள்.

"இல்ல. தெரியாதத நான் தெரியுதுன்னு சொல்ல மாட்டேன் தாத்தா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் நான்கு முடிந்திருக்கிறது.